பூனை லிட்டர் வீட்டிலேயே செய்கிறீர்களா? உருண்டையை உடைத்துப் பாருங்கள்

செய்தித்தாளை ஊறவைத்து லிட்டர் (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் ட்ரேயில் பரப்பும் பொருள்) செய்திருக்கிறேன் என்று யாராவது படம் அனுப்பினால், என் கண் முதலில் போவது உருண்டைகளின் அளவுக்குத்தான். எல்லாம் கட்டைவிரல் பருமனில் இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பளபளப்புத் தாள் ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது, ஊறவைக்கும்போது சேர்த்த சோப்பை நன்றாக அலச வேண்டும் என்பதெல்லாம் ஒருமுறை செய்தாலே புரிந்துவிடும், அதை விடுங்கள்.

மேலே காய்ந்தது, உள்ளே காயவில்லை

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். கூழைப் பிழிந்து, சமையல் சோடா தூவிப் பிசைந்து, பெரிய பெரிய உருண்டையாகக் கிள்ளிப் போட்டு, இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். தொட்டால் மொரமொரவென்று இருந்தது, சரி என்று மூடி போட்ட வாளியில் அடைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் ஈரத்துணி நாற்றம். ஒன்றை உடைத்தால் நடுவில் சாம்பல் பச்சையில் பஞ்சு மாதிரி பூஞ்சை. மேலாக இருந்ததை ஏற்கெனவே ட்ரேயில் போட்டிருந்தேன். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நேராக என் மெத்தைக்குப் போய்விட்டது. ஒரு வாளி லிட்டரும் குப்பைக்கு, மெத்தையும் அதோடு.

பூஞ்சைத் தூள் பூனையின் மூச்சுக்கும் நல்லதில்லை, நம் மூச்சுக்கும் நல்லதில்லை. அதனால் பிழிந்த கூழைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உதிர்த்து, அடியிலும் காற்றுப் போகிற மாதிரி வலையில் மெல்லப் பரப்பி, தினமும் கிளறிவிடுங்கள். எத்தனை நாள் என்று எண்ணாதீர்கள். இருப்பதிலேயே பெரிய துண்டை உடைத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வாசனை எண்ணெய்

வேண்டவே வேண்டாம். சில வாசனை எண்ணெய்களில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. அதே காரணத்தால் ட்ரே கழுவ பினாயிலும் கூடாது.

ஒரே நாளில் மாற்றுவது

பழைய லிட்டரோடு ஒரு கைப்பிடி கலந்து ஆரம்பித்து, ஒன்றிரண்டு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். காகிதம் சிறுநீர் பட்டால் கட்டியாகாது என்பதால் எவ்வளவு சிறுநீர் போனது என்று தெரியாமல் போகும். ஆண் பூனை ட்ரேயில் முக்கிக்கொண்டே இருந்தும் ஈரம் இல்லை என்றால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மக்கும் பொருள்தானே என்று காய்கறிச் செடிக்குப் போடுவது

பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். வெளியேறிய 1 முதல் 5 நாளில் அது தொற்றக்கூடியதாக மாறிவிடும், மண்ணில் பல மாதம் தாங்கும். மலத்தைத் தினமும் அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். கழிப்பறையில் கொட்டினால் குழாயும் அடைக்கும்.