மழை பெய்தால் மிளா குட்டைக்கு வருமா? மலையோரத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்த மழை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ஓரத்தில் ஒரு குட்டை உண்டு. வேனலில் அதன் கரையெல்லாம் மிளாக் குளம்பு பதிந்து கிடந்ததைப் பார்த்திருந்தேன். மிளா என்று நாங்கள் சொல்வது கடமானை. இப்போது குட்டை நிரம்பித் தளும்புகிறது, கண்டிப்பாக வரும் என்று நாலரை மணிக்கே போய் உட்கார்ந்தேன். இருட்டும்வரை வந்தது அட்டைகள்தான். கணுக்காலில் ஏழு.

திரும்பும் வழியில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். “மக்கா, மழை பெஞ்சா காடு பூரா தண்ணிதாம்லா. உனக்க குட்டைய நம்பியா அது கெடக்கு?”

நான் செய்த தவறு அதுதான். பலரும் செய்வதும் அதுதான்.

மிளா என்று நாங்கள் சொல்வது கடமானை. இங்குள்ள காட்டில் கேளையாடும் (அதுவும் ஒரு மான்தான்) சருகுமானும் உண்டு. ஆனால் தண்ணீரோடு அதிகம் ஒட்டி வாழ்வது மிளாதான். வேனலில் தினமும் குடிக்க வேண்டும், கிடைத்தால் சேற்றிலும் புரளும். அதனால் மாசி, பங்குனியில் ஓடைகள் வற்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுனை மட்டும் மிஞ்சும்போது, அந்தச் சுற்று வட்டாரத்து மிளா எல்லாம் அதற்கே வந்தாக வேண்டும். நாம் பார்க்கும் குளம்படி அந்தக் கட்டாயத்தின் அடையாளம். மழை வந்ததும் கட்டாயம் போய்விடுகிறது. பாறைக்குழியில் தண்ணீர், வேர் இடுக்கில் தண்ணீர். புல்லிலும் தழையிலுமே பாதித் தாகம் தீர்ந்துவிடும். குட்டை நிரம்பியிருக்கிறது என்பதே அங்கே மிளா வராது என்பதற்கு அறிகுறி. இது புரிய எனக்கு ஏழு அட்டை தேவைப்பட்டது.

அடுத்த தவறு, மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழை என்று நினைப்பது. பேப்பரில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் காட்டிலும் ஈரம் இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். இருக்காது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை மேற்கே குலசேகரம், பாலமோர், கோதையாறு பக்கம் ஊற்றும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றுகிற காற்றுதான் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே முள்காடும் வறண்ட இலையுதிர் காடும்தான். வடகிழக்குப் பருவமழைதான் அதைக் கொஞ்சம் நனைக்கும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைவதற்குக் காரணமே இந்த இரண்டு மழையும்தான். ஆனால் காட்டுக்கு அது ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. ஆடி மாதத்தில் மேற்கே எங்கும் தண்ணீராக இருக்க, கிழக்கே மிளா இன்னமும் ஒரே சுனையைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். எந்தச் சரிவு, எந்த மழை என்று கேட்காமல் சொல்கிற கணக்கு எதுவும் நிற்காது.

சித்திரையில் முதல் கோடைமழை விழுந்ததும் ‘இனிப் பஞ்சம் இல்லை’ என்று நினைப்பதும் இதே வகைதான். ஒரு மழை சுனையை நிரப்பாது. பாறைக்குழித் தண்ணீர் நாலு வெயிலில் வற்றிவிடும், மிளா பழைய இடத்துக்கே திரும்பும். ஆனால் அந்த ஒரு மழைக்கே புல் துளிர்க்கத் தொடங்கிவிடும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பார்த்தால், குடிக்க ஓரிடம், மேய வேறிடம் என்று அது பிரிந்து நடக்கும். அப்போது தண்ணீரைப் பார்க்காமல் துளிரைப் பாருங்கள். தை வாக்கில் நெல்லிக்காய் உதிரும் இடமும் அப்படித்தான்.

குளம்படியைப் படிப்பதில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஈரச் சேற்றில் பதிந்த அடி விரிந்து பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பெரிய கொம்பன் என்பார்கள், பெண் மிளாவாக இருக்கும். மாட்டின் அடி அகலமாக, முனை மழுங்கி இருக்கும். மிளாவின் அடி நீண்டு, முனை கூர்ந்து வரும். பன்றியின் அடியில் பின்புறம் இரண்டு சின்ன நகக்குறி பெரும்பாலும் விழும், அதை வைத்துப் பிரித்துவிடலாம் என்பார்கள். ஆனால் சேறு ஆழமாக இருந்தால் மிளாவுக்கும் அது விழும். குனிந்து விளிம்பைப் பார்ப்பதுதான் நல்லது. விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல இருந்து, உள்ளே தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தால் அப்போதுதான் போயிருக்கிறது. விளிம்பில் மழைத்துளி குத்திய சின்னச் சின்னப் பள்ளம் இருந்தால் மழைக்கு முன்பு போனது. மழை எப்போது நின்றது என்று நினைவில் வைத்திருந்தால் போதும், நேரம் கணக்காகிவிடும். மழைக்குப் பிறகு அடியே இல்லை என்றால் விலங்கே இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். பழைய அடிகளைத் தண்ணீர் கழுவிவிட்டது, அவ்வளவுதான்.

மழை மனித வாடையைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அடித்துப் பெய்யும்போது சரி. நின்றபிறகு ஈரக்காற்றில் வாடை இன்னும் நன்றாகத் தங்கும். பகலில் காற்று சரிவில் மேலே ஏறும், பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து கீழே இறங்கும். மேலே உட்கார்ந்திருந்தால், மாலையில் நம் வாடைதான் முதலில் குட்டைக்குப் போகும். ‘டாங்க்’ என்று மிளாவின் எச்சரிக்கைச் சத்தம், காலால் தரையைத் தட்டும் ஓசை, அப்புறம் அன்றைக்கு எதுவும் வராது. நாம் அங்கேயே இருந்தால் பாவம், அது தாகத்தோடே நிற்கும். அதனால் வேனலில் சுனைக்கு மிக அருகில் உட்காரவே கூடாது என்பது என் கருத்து.

இனி வேட்டை. தண்ணீரில் சிறுத்தை காத்திருக்கும் என்று கதை சொல்வார்கள். தண்ணீர் ஓரத்துத் திறந்த வெளியைவிட, அங்கே போகும் தடத்தில் மறைவு அதிகம். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான். செந்நாய் வேறு மாதிரி. கூட்டமாகத் துரத்தும், மிளா தண்ணீருக்குள் இறங்கி நின்று எதிர்க்கும். மழைக்காலத்தில் இரை சிதறிக் கிடப்பதால், குட்டையோரம் காத்திருப்பது கொன்றுண்ணிக்கும் லாபமில்லை.

மனிதர்கள் ஆடும் வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 402 சதுர கிலோமீட்டர். அனுமதி இல்லாமல் அதற்குள் போவதே தப்பு. ‘பன்றிக்குத்தான் சுருக்குக் கம்பி கட்டினேன், மிளா தானாக மாட்டியது’ என்பது இங்கே வழக்கமான பேச்சு. சட்டத்தில் பொறி வைப்பதும், விரட்டுவதும், முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ‘நான் கறி மட்டும்தான் வாங்கினேன்’ என்பவருக்கும் வழக்கு உண்டு. வேனலில் சுனைக்குப் போகும் தடத்தில் கம்பி கண்ணில் பட்டால் கழற்றி வீசாதீர்கள், சாட்சியம் போய்விடும். போட்டோ எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக, நல்ல மனசு செய்யும் தவறு. பங்குனி வெயிலைப் பார்த்துவிட்டு ரோட்டோரம் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைப்பது. வனத்துறை தொட்டி கட்டினால் காட்டுக்குள் இடம் பார்த்துக் கட்டும். நாம் வைப்பது நமக்குத் தூக்க எளிதான இடத்தில். எங்கள் ஊரில் இளவட்டங்கள் ரப்பர் தோட்டத்து ரோட்டோரம் ஒன்று வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு கேளையாடு வந்தது. நான்காம் நாள் ஊர் நாய்களும் வந்தன. அன்றைக்கே தொட்டியைத் தூக்கி வந்து மாட்டுக்கு வைத்துவிட்டோம்.