கயாக்கில் தூண்டில் சாமான்களை அசையாமல் பொருத்துவது எப்படி?

கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) மாட்டிய ராடு ஹோல்டர், அதாவது தூண்டில் கம்பைச் செருகி நிறுத்தும் பிடி, பிடுங்கிக்கொண்டு போவதற்கு மீனின் எடை காரணமல்ல, கம்பின் நீளமே காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழடிக் கம்பு, 30 பவுண்டு பிரெய்டு நூல். ரீலின் டிராகை (எவ்வளவு இழுத்தால் நூல் ஓடத் தொடங்கும் என்ற இறுக்கத்தை) நூலின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்கு வைத்திருக்கிறீர்கள். கொடுவா ஒன்று கடித்து ஓடினால் அந்த நாலரைக் கிலோவும் ஹோல்டரிலிருந்து 175 செ.மீ. தள்ளி, கம்பின் நுனியில் இழுக்கிறது. ஹோல்டரின் அடித்தட்டில் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 6 செ.மீ. இடைவெளி. கடப்பாரையால் கல்லை நெம்புகிற அதே கணக்குதான்: 4.5 × 175 ÷ 6. பின் போல்ட்டை மேல்நோக்கி இழுக்கும் விசை 130 கிலோவைத் தாண்டுகிறது. கம்பு வளைவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் கயாக்கின் பிளாஸ்டிக் சுவர் பெரும்பாலும் 5, 6 மி.மீ. தடிமன்தான், அதில் வெறும் ஸ்க்ரூ முறுக்கி இந்த விசையைத் தாங்க வைக்க முடியாது. ஆகவே மேலே எந்த கம்பெனி ஹோல்டர் என்பதைவிட, அடியில் அதைப் பிடித்திருப்பது என்ன என்பதைப் பாருங்கள்.

கீழே சொல்வது, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை பாலிஎத்திலீன் கயாக்குகளுக்கு. ஃபைபர் கயாக் பற்றித் தனியே வருகிறது. காற்றடைக்கும் கயாக்கில் துளையிடும் பேச்சே கிடையாது. அதற்கென்று விற்கும் ஒட்டு அடித்தட்டுகள்தான் வழி.

முதலில் டேப், பிறகுதான் டிரில்

கயாக்கை முற்றத்தில் இறக்கி, லைஃப் ஜாக்கெட் போட்டு, துடுப்போடு உட்காருங்கள். ஹோல்டர், சாமான்களை நகர்த்தி மாட்டும் தண்டவாளம், பிஷ் ஃபைண்டர் (மீன் இருக்குமிடம் காட்டும் கருவி) வரப்போகும் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதே உயரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலையும் நிறுத்துங்கள். இனி இருபுறமும் வேகமாகத் துடுப்பு போடுவதுபோல் செய்து பாருங்கள். துடுப்போ விரல் முட்டியோ பாட்டிலைத் தட்டினால் அந்த இடம் வேண்டாம். முன்பக்க ஹோல்டர், நீட்டிய கைக்கு எட்டும் தூரத்தில், கால் பாதத்துக்கும் முழங்காலுக்கும் நடுவில் அமைவது நல்லது. பின்பக்க ஹோல்டர்கள் சீட்டுக்குப் பின்னால், கம்பு வெளிப்புறமாகவும் பின்புறமாகவும் சாயும்படி இருக்கட்டும்.

எந்தப் பக்கமாக ஏறுவீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்து வயிற்றை மேலே போட்டு ஏறுவது ஒரு பக்கமாகத்தான். பலருக்கு அது இடப்பக்கம். அந்தப் பக்கத்தில் சீட்டை ஒட்டிய ஓரம் முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் வாரில் மாட்டும் ஒரு நீட்டு முனைகூட அங்கே இருக்கக் கூடாது. இது ஒன்றை மறந்துவிட்டு அழகாகப் பொருத்திய கயாக்குகளை நிறையப் பார்க்கலாம்.

துளை போடாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு

குமரிக் கடற்கரையின் கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மரங்களைச் சேர்த்துப் பிடித்தது கயிற்றுக் கட்டு; அலை அடிக்கும்போது கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. கயாக்கிலும் பாதிச் சாமான்களுக்குக் கட்டே போதும்.

பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று, 40 மி.மீ. பிவிசி பைப் 30 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டு. இவ்வளவில் ஒரு நல்ல பின்பக்க ஹோல்டர் தயார். பைப் வாங்கப் போகும்போது கம்பையும் கொண்டுபோய் அடிப்பிடியை உள்ளே விட்டுப் பாருங்கள். இறுகப் பிடித்தாலும் ஆகாது, தொளதொளவென்று ஆடினாலும் ஆகாது. பைப்பின் மேல்வாயில் ரீலின் கால் உட்காரும்படி 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, விளிம்பை மணல்தாளால் தேயுங்கள். இந்த வெட்டு இல்லாவிட்டால் அலையில் கம்பு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பைப்பையும் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று கருப்பு கேபிள் டையால் கிரேட்டின் உட்புறத்தில் கட்டுங்கள். வெள்ளை கேபிள் டை நம்மூர் வெயிலில் சில மாதங்களிலேயே பொடிந்துவிடும். கிரேட்டை எலாஸ்டிக் கயிற்றால் மட்டும் கட்டிவிடாதீர்கள். கவிழும்போது எலாஸ்டிக் நீண்டு, கிரேட் மொத்தமும் கழன்றுபோகும். 25 மி.மீ. நைலான் வார் இரண்டு, குறுக்காக, பக்கிள் போட்டு இறுக்க வேண்டும்.

போல்ட், வாசர், பின்தட்டு

ஹார்டுவேர் கடையில் "எஸ்.எஸ். போல்ட்" என்று கேட்டால் எந்த ரகமும் வரலாம். காந்தத்தை வைத்துப் பார்ப்பது உதவாது. உப்புக்கு எளிதில் துருப்பிடிக்கும் 202 ரகத்திலும் காந்தம் அனேகமாக ஒட்டாது. போல்ட் தலையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ2 என்றால் 304, ஏ4 என்றால் 316. கடலுக்கு ஏ4. காயலிலும் ஆற்றிலும் மட்டும் ஓட்டி, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு ஏ2 தாக்குப்பிடிக்கும்.

உள்ளே கை நுழைந்து நட்டைப் பிடிக்க முடிகிற இடங்களிலெல்லாம் போல்ட்டும் நட்டும்தான். ஒரு ஹோல்டருக்குத் தேவையானவை: 6 மி.மீ. போல்ட் மூன்று அல்லது நான்கு, அதே அளவு நைலாக் நட்டு (தானாகத் தளராதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தது), 25 மி.மீ. அகல வாசர், 3 மி.மீ. ரப்பர் ஷீட், சுவரின் உட்புறம் வைக்கும் பின்தட்டு. பின்தட்டுக்குச் சமையலறையில் காய் வெட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையே போதும். 6 மி.மீ.க்குக் குறையாமல், ஹோல்டரின் அடித்தட்டைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். கூர்மூலை இருந்தால் பளு அந்த இடத்தில் குவிந்து கயாக்கின் சுவரில் கீறல் விழும். அந்த 130 கிலோவைப் பரப்பி வாங்கிக்கொள்வது இந்தப் பலகைதான்.

கை எட்டாத இடத்துக்கு மூன்றாகப் பிளந்து விரியும் அலுமினிய ரிவெட், அல்லது ரப்பருக்குள் பித்தளை நட்டு வைத்த வெல்நட். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் சாதாரண பாப் ரிவெட் மென்மையான பிளாஸ்டிக்கில் நிற்காது. இழுத்தால் துளை வழியாகவே வெளியே வரும். வெல்நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் ரப்பர் கிழிந்து, நட்டு உள்ளேயே சுற்றத் தொடங்கும். பிறகு முறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. ரிவெட்டும் வெல்நட்டும் கயிறு மாட்டும் வளையம், துடுப்பு கிளிப் போன்ற சிறு பளுவுக்கு மட்டும். டிரோலிங் ஹோல்டருக்கு (கயாக்கை ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்துச் செல்வதற்கான ஹோல்டர்) வேண்டாம்.

துளை

டேப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஹேட்ச் (கயாக்கின் மேலுள்ள மூடி போட்ட திறப்பு) வழியாகக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். நுரைக்கட்டை இருந்தால் தள்ளிவைக்கலாம். மேலிருந்து அடிவரை போகும் தண்ணீர் வடி குழாயில் மட்டும் துளை விழவே கூடாது. அங்கே விழுந்தால் தண்ணீர் நேராகக் கயாக்கின் வயிற்றுக்குள் போகும்.

3 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டு, பிறகு 6.5 மி.மீ.க்கு விரியுங்கள். அரை மி.மீ. தாராளம் வேண்டுமென்றே விடுவது: வெயிலில் பாலிஎத்திலீன் கணிசமாக விரியும், இறுக்கமான துளையில் போல்ட் பக்கவாட்டில் அழுத்தி வெடிப்பு விடும். மெதுவான வேகம் போதும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றும். கயாக்கின் உடலுக்குள் இறங்கி உட்காரும் உட்பதிவு ஹோல்டருக்கு ஹோல்சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்) வாங்கும் முன் குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அது சாய்ந்து இறங்குவதால் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் வர வேண்டும். சிறிதாக வெட்டி, அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துங்கள்.

அரால்டைட், ஃபெவிக்விக் எல்லாம் பாலிஎத்திலீனில் ஒட்டாது. காய்ந்த பிறகு நகத்தால் உரிக்கலாம். வினிகர் வாசம் வரும் கண்ணாடி சிலிகானும் அப்படியே. நீர் புகாமல் தடுப்பது ரப்பர் ஷீட்டின் அழுத்தம். அதோடு ஒவ்வொரு போல்ட் தலைக்கடியிலும் பியூட்டைல் டேப்பை (பிசைந்த மாவுபோல் ஒட்டும் ரப்பர் நாடா) உருட்டி ஒரு வளையம் வையுங்கள். வரிசை: போல்ட், ஹோல்டர், ரப்பர், கயாக், பின்தட்டு, அகல வாசர், நட்டு. ஸ்டீல் நட்டு ஸ்டீல் போல்ட்டில் வேகமாக ஏறினால் சூடேறி மரை கடித்துக்கொள்ளும். அப்புறம் அறுக்கத்தான் வேண்டும். மரையில் துளி கிரீஸ் தடவி, இம்பாக்ட் டிரைவரைத் தொடாமல், ஸ்பேனரால் கையாலேயே முறுக்குங்கள். ரப்பர் ஓரம் சற்றுப் பிதுங்கினால் நிறுத்திவிடலாம். பியூட்டைல் படிந்ததும், மறுநாள் கால் சுற்று கூட்டுங்கள். அலுமினியத் தண்டவாளமானால் போல்ட் தொடும் இடமெல்லாம் நைலான் வாசரும் கிரீஸும் அவசியம். இல்லையேல் உப்புநீர் நடுவில் நின்று அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கித் தின்றுவிடும்.

சோதனை எளிது. ஹேட்ச்களை மூடி, வடிகால் மூடித் துளை வழியாக வாயால் ஊதிக்கொண்டே, புதிய போல்ட்கள்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குமிழி வந்தால் ஒழுக்கு. கம்ப்ரெசர் வைக்காதீர்கள், மூடியோ இணைப்போ பிய்த்துக்கொள்ளும். பிறகு ஹோல்டரில் பழைய கம்பைச் செருகி, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை நுனியில் மாட்டி, ரீலின் டிராக் அளவுக்கு இழுங்கள். சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழிந்தால் பின்தட்டு போதவில்லை.

ஃபைபர் கயாக்கில் கதை வேறு. அது நெகிழாது, மேற்பூச்சில் சிலந்திவலை போல் கீறல் விழும். டேப் ஒட்டி, முதலில் டிரில்லைத் திருப்பி ஓட்டிப் பூச்சைக் கடந்து, பிறகு நேராகத் துளையிடுங்கள். அதற்குப் பசை நன்றாகப் பிடிக்கும் என்பதால், மரைன் பிளைவுட் துண்டை உள்ளே ரெசின் போட்டு ஒட்டிவிடலாம்.

நங்கூரமும் கயிறுகளும்

மணக்குடியில் பழையாற்றின் பொழி (கடலில் சேரும் வாய்) திறந்திருந்து, கடல் வற்றும் நேரத்தில் நீரோட்டம் நன்றாகவே இழுக்கும். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடமும் அப்படித்தான். அங்கே சீட்டின் பக்கத்து வளையத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டினால் நீரோட்டம் பக்கவாட்டில் அடித்து, ஓரம் தண்ணீருக்குள் இறங்கி, கயாக் நொடியில் கவிழும். நங்கூரம் எப்போதும் முனையிலோ பின்னிலோதான் பிடிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து அங்கே கை எட்டாது என்பதால், முனையில் ஒரு கப்பி, பின்னில் ஒரு கப்பி, நடுவே 5 மி.மீ. கயிற்றில் ஒரு சுற்று, அதில் ஒரு வளையம் என்று ஒரு ஓட்டக்கயிறு அமையுங்கள். நங்கூரக் கயிறு வளையத்தின் வழியாகச் சென்று, கைக்கெட்டும் கிளீட்டில் (கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் கொம்பு) முடியட்டும். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், ஆழத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு கயிறு. கயிற்றின் கடைசியைக் கயாக்கோடு முடிச்சு போட்டுக் கட்டாமல், அதில் ஒரு மிதவை கட்டி விடுங்கள். நீரோட்டம் மிஞ்சினால் கழற்றி விட்டுவிட்டு, அப்புறம் வந்து மிதவையைப் பிடிக்கலாம். லைஃப் ஜாக்கெட்டின் மார்பில் கத்தி ஒன்று இல்லாமல் நங்கூரம் போட வேண்டாம்.

கம்பு, இடுக்கி, மீன் பிடிப்பான் ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் பாதுகாப்புக் கயிறு. அது கயாக்கில்தான் கட்டப்பட வேண்டும், உங்கள் மணிக்கட்டிலோ இடுப்பிலோ அல்ல.

குளச்சல், முட்டம் பக்கத்துக் கரைகளில் அலை மடிந்து விழும் இடத்தைத் தாண்டும்போது ஹோல்டரில் ஒரு கம்புகூட நிற்கக் கூடாது. எல்லாம் ஹேட்சுக்குள், அல்லது தரையோடு படுக்கவைத்து வாரால் கட்டி. நிற்கும் கம்பு அலையில் ஒடியும், அல்லது கவிழ்ந்தவர் முகத்தில் குத்தும். தளர்ந்த கயிறுகள் காலில் சுற்றும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் கரையில் கயாக்கே வேண்டாம். கள்ளக்கடல் (தொலைவிலிருந்து வந்து திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை வந்த நாளில், காற்றே இல்லாமல் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கக் கூடாது.

எல்லாம் பொருத்திய பிறகு, ரீல்களைக் கழற்றி வைத்துவிட்டு, மார்பளவு அமைதியான தண்ணீரில் துணைக்கு ஒருவரை நிறுத்தி, கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பாருங்கள். எது இடிக்கிறது, எது கழன்று மிதக்கிறது என்று அப்போது தெரியும்.

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவும்போது போல்ட் தலைகளை விரலால் அசைத்துப் பாருங்கள். பழுப்புக் கறை மட்டும் என்றால் தேய்த்தால் போகும். தலைக்கடியில் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஹேட்ச் பையில் இரண்டு போல்ட், நட்டு, அகல வாசர், ஒரு சாண் பியூட்டைல் டேப் எப்போதும் இருக்கட்டும்: நடுத்தண்ணீரில் ஹோல்டர் பிய்ந்தால் அந்தத் துளைகளை அடைக்க அதுவே போதும்.