கரையொதுங்கியவற்றைக் கொண்டு கிப்பு கட்டுவது எப்படி?

1966-இல் சிலி நாட்டின் கோன்கோன் கடற்கரையில், அகோன்காகுவா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கரையொதுங்கிய குச்சிகளையும் இறகுகளையும் மணலில் நட்டுவைத்து, அவற்றை அலை கொண்டுபோக விட்டார் செசிலியா விகுன்யா. அவர் கவிஞர், ஓவியர், திரைப்படக் கலைஞர். 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது லண்டனில் இருந்ததால் நாடு திரும்ப இயலாமற்போனவர். அவர் வழியில் தம் ஊர்க் கரையிலேயே கிப்பு, அதாவது முடிச்சுகளால் கணக்கு வைக்கும் கயிற்றுத் தொகுதி, ஒன்றைச் செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே கரைக்குப் பலமுறை செல்லுங்கள். நீர் வடிந்திருக்கும் வேளையே ஏற்றது. தானாக விழுந்ததையும் ஒதுங்கியதையும் மட்டும் எடுக்க வேண்டும். உயிருள்ள சிப்பியையோ செடியையோ தொடக் கூடாது. கையுறை அவசியம். குச்சி, இறகு போன்றவற்றைப் பசையின்றி மணலில் ஊன்றி நீருக்கே விட்டுவிடலாம். ஆனால் பிளாஸ்டிக்கை அப்படி விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அதை எண்ணி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்த எண்ணிக்கைதான் அடுத்த பணிக்கு மூலப்பொருள்.

அந்தப் பணி கிப்பு. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் இருந்த, எழுத்து முறை இல்லாத இன்கா பேரரசு தன் கணக்குகளைக் கயிற்று முடிச்சுகளில் வைத்திருந்தது. ஸ்பானியர் ஆட்சியில் அந்த வழக்கம் ஒடுக்கப்பட்டது. விகுன்யா தம் படைப்புகளில் அதை மீண்டும் உயிர்ப்பித்து வருகிறார். வெறும் அலங்காரமாகக் கயிறுகளைத் தொங்கவிட்டால் அந்த மக்களின் அறிவை மதித்ததாகாது என்பதால், எண்முறையைக் கற்றபின்பே கட்டத் தொடங்குங்கள்.

ஒரு தடித்த தலைக்கயிற்றைக் கிடையாகக் கட்டி, அதிலிருந்து மெல்லிய கிளைக்கயிறுகளைத் தொங்கவிடுங்கள். கரையில் 134 புட்டிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். கிளைக்கயிற்றின் மேற்பகுதியில், அதாவது நூறுகளின் இடத்தில், ஒரு சாதாரண முடிச்சு. சற்று இடம் விட்டு, பத்துகளின் இடத்தில் அடுத்தடுத்து மூன்று சாதாரண முடிச்சுகள். கீழே, ஒன்றுகளின் இடத்தில், கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிய ஒரே நீள் முடிச்சு. ஒன்றுகளின் இடத்தில் 1 வந்தால் நீள் முடிச்சுக்குப் பதிலாக எட்டு வடிவ முடிச்சு இட வேண்டும். சுழியத்துக்கு முடிச்சே கிடையாது, இடத்தை வெறுமையாக விட வேண்டும். ஆகவே எல்லாக் கிளைகளிலும் இடங்கள் ஒரே மட்டத்தில் அமைவது முக்கியம். விரலால் தடவியே எண்ணைப் படிக்க முடிகிறதா என்று கண்ணை மூடிச் சோதித்துப் பாருங்கள்.

பலர் கூடிச் செய்வது இன்னும் நல்லது. 2022-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் விகுன்யா நூற்காத கம்பளியும் கயிறும் கொண்டு, அழியும் காடுகளுக்காக 27 மீட்டர் உயரத்திலிருந்து தொங்கவிட்ட கிப்புவில், அந்நகரில் வாழும் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் தேம்ஸ் கரையில் பொறுக்கிய பொருள்களும் இருந்தன. நீங்களும் உங்கள் கரையில் வாழ்ந்த முதியவர்களை அழைத்து, முன்பு அங்கே கண்ட மீன்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி, பெயருக்கொரு கிளைக்கயிறு கட்டுங்கள்.

காட்சிக்கு வைக்கும்போது கரையின் பெயர், நாள், ஒவ்வொரு கயிறும் எதைக் குறிக்கிறது என்பவற்றுடன், கிப்பு ஆண்டீஸ் மலைப் பழங்குடியினரின் முறை என்பதையும் அருகில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் எண்ணி, அதே தலைக்கயிற்றில் புதிய கிளை சேர்க்க இடம் விட்டுவையுங்கள்.