வேலூர்க் கோட்டையில் படம் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்க் கோட்டைக்குள் நோட்டும் பென்சிலுமாக வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று புரியும். ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு எதிரே உட்கார்ந்ததும் பெரும்பாலோர் யாளியின் கண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிதுங்கிய கண், சுருள் சுருளான பிடரி, வாய்க்குள் வரிசைப் பல் என்று அரை மணி நேரம் லயித்து வரைந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், மேலே அமர்ந்திருக்கும் வீரனின் தலைக்குத் தாளில் இடமில்லை. கீழே பீடத்துக்கும் இடமில்லை. பிறகு வீரனைக் குள்ளமாக்கி, பீடத்தை நசுக்கி, எப்படியோ ஒப்பேற்றுவார்கள். படத்தில் யாளி இருக்கும், தூண் இருக்காது.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான் என்பது என் கட்சி. அந்த மண்டபம் 16ஆம் நூற்றாண்டு விஜயநகரப் பாணி. அங்கே யாளியும் குதிரையும் தூணுக்கு ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. தூணோடு சேர்த்து ஒரே கல்லில் செதுக்கியவை. மேலே கொடுங்கையின் (கூரையின் வெளிநீண்ட வளைந்த விளிம்பின்) பாரம், கீழே பீடம், நடுவில் பாயும் மிருகம் என்று பாரம் இறங்கும் வழியைப் பிடிக்காமல் மிருகத்தை மட்டும் பிடித்தால் அது அந்தரத்தில் தொங்கும். எனவே முதலில் தாளில் இரண்டு கோடுகள் போடுங்கள்: தரை ஒன்று, கொடுங்கையின் அடிவிளிம்பு ஒன்று. அவற்றுக்கு இடையே தூண்களின் நடுக்கோடுகள். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள வெளி ஒரு தூணின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு, பின்னங்காலில் எழும் குதிரையின் உடல் எந்தச் சாய்வில் போகிறது என்பதற்கு ஒரே ஒரு கோடு. கண், பல், கடிவாளம் எல்லாம் கடைசியில்.

இன்னொரு வழியும் உண்டு. குதிரையின் முன்னங்கால்களுக்கும் தூணுக்கும் நடுவே ஓர் இருட்டுப் பொந்து தெரியும். அதன் உருவத்தை முதலில் வரையுங்கள். நமக்குக் கால் எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் காலை வரையும்போது கல்லைப் பார்ப்பதில்லை, தெரிந்ததையே வரைந்துவிடுகிறோம். இருட்டுக்கு அப்படி முன்கூட்டிய உருவம் எதுவும் மனதில் இல்லை. இருட்டைச் சரியாக வரைந்தால் இரண்டு பக்கமும் கால் தானே வந்துவிடும்.

கலைப் பள்ளியில் மனித உடலுக்குத் தலை ஏழரை மடங்கு என்று படித்துவிட்டு வருகிறவர்கள் தெய்வ உருவங்களில் தடுக்கி விழுவார்கள். சிற்பிக்கு வேறு கணக்கு. தாளம் என்பது முகத்தின் நீளம். தாளமும் அதை 12 ஆகப் பகுத்த அங்குலமும்தான் அளவு. தசதாளம் என்றால் பத்துத் தாளம்; அதிலும் உத்தமம், மத்திமம் என்று தரம் உண்டு. சிவனும் திருமாலும் உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவியர் மத்திம தசதாளம், 120 அங்குலம். பூதகணங்களுக்கு நான்கைந்து தாளமே உண்டு. அதனால்தான் பூதங்கள் பெரிய தலையும் குட்டைக் காலுமாகத் தெரிகின்றன. ‘சிற்பி அளவு தவறிவிட்டார்’ என்று நினைத்துக்கொண்டு பலர் தாளில் அதைத் திருத்திவிடுகிறார்கள். திருத்திய பூதம் வெறும் குள்ள மனிதனாகிவிடும். முக நீளத்தைப் பென்சிலில் பிடித்துக்கொண்டு முகத்திலிருந்து பாதம் வரை எண்ணிப் பாருங்கள். இந்த எண்ணிக்கை இரண்டு நிமிட வேலைதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காலைச் சிற்றுண்டி முடித்து, பஸ் பிடித்து, கோட்டைக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். உச்சி வெயில் தலைக்கு நேராக விழும்போது புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். நிழலெல்லாம் மூக்கின் அடியிலும் புருவத்தின் அடியிலும் ஒளிந்துகொள்ளும். கருங்கல்லில் உருவத்தைக் காட்டுவது நிறம் அல்ல, சாய்ந்து விழும் வெளிச்சம். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்பும் அதே தூண் வேறு தூண். நடுப்பகலில் வரைந்தே ஆக வேண்டுமென்றால் வெளிச்சுவரை விட்டு மண்டபத்துக்குள் போய்விடுங்கள். தரையில் பட்ட வெயில் எகிறி விதானத்தின் அடியில் படும். தாமரையையும் அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளையும் வரைய அந்த எதிரொளி ஏற்றது. கழுத்து வலிக்கும் என்பது மட்டும்தான் குறை.

இன்னொன்று: ஒரு படத்துக்கு ஒரே நிழல்தான் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முதலில் இடப்பக்க நிழலையும் கடைசியில் வலப்பக்க நிழலையும் போட்டால் அந்தத் தூணுக்கு இரண்டு சூரியன். தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் நிழலின் எல்லையை மெல்லிய கோட்டால் அடைத்துவிட வேண்டும். அதன் பிறகு சூரியன் எங்கே போனாலும் நிழலை மாற்றக் கூடாது.

கோட்டையின் வெளித்தோற்றத்தை அகழிக்கு அப்பால் நின்று வரைவது கேட்கச் சுலபம். 133 ஏக்கர் கோட்டை, இரட்டை மதில், வட்டக் கொத்தளங்கள், கீழே நீர். இங்கே இரண்டு தவறுகள் தவறாமல் நடக்கும். முதலாவது கொத்தளத்தின் வளைவு. உருளையான சுவரின் மேல்விளிம்பு நம் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் அந்தக் கோடு மேல்நோக்கி வளையும்; நீரைத் தொடும் அடிக்கோடு கண்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் கீழ்நோக்கி வளையும். பலர் இரண்டையும் ஒரே பக்கமாக வளைத்துவிடுகிறார்கள். கொத்தளம் சாய்ந்த குடத்தைப் போல் ஆகிவிடும். கல் வரிசை ஒவ்வொன்றும் கண்மட்டத்தை நெருங்க நெருங்க நேர்க்கோடாகும். அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இரண்டாவது, நீரில் தெரியும் பிம்பம். மேலே வரைந்ததைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கீழே நகல் எடுப்பதுதான் வழக்கம். அது சரியல்ல. நமக்கு அருகிலுள்ள வெளிமதிலுக்குப் பின்னால் உள்மதில் உயரமாக எட்டிப் பார்க்கிறது. பிம்பத்தில் அந்த உள்மதில் குறைவாகத்தான் தெரியும். சில இடங்களில் தெரியவே தெரியாது. நீர்ப்பரப்பிலிருந்து அண்ணாந்து பார்க்கும் ஒருவனுக்கு வெளிமதில் எவ்வளவை மறைக்குமோ அவ்வளவைப் பிம்பமும் மறைக்கும். பின்னாலுள்ள மலைக்கும் இதுவே விதி. நிறமும் அப்படியே வராது: மேலே வெளுத்தது நீரில் கொஞ்சம் கறுக்கும், மேலே கறுத்தது கொஞ்சம் வெளுக்கும். இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் பிறகு எந்தக் குளக்கரையிலும் ஏமாற மாட்டீர்கள்.

கோபுரத்துக்கு மிக அருகில் உட்காராதீர்கள். உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி உட்கார வேண்டும். நூறு அடிக் கோபுரத்துக்கு இருநூறு அடி. கிட்டே உட்கார்ந்தால் தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோணம் மாறும். கோபுரத்தின் நிலைகள் எப்போதும் ஒற்றைப்படை. படத்தில் ஆறு வந்தால் எங்கோ ஒன்றை விழுங்கியிருக்கிறீர்கள். மேலே போகப் போக ஒவ்வொரு நிலையின் உயரமும் குறையும். பக்கக் கோடு நேராகச் சாயாமல் சற்று உட்குழிந்து ஏறும். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். இந்தப் பொருள் மாற்றத்தை ஒரு சாயல் வேறுபாட்டால் காட்டிவிட்டால், சுதைப் பொம்மைகளைத் தலை எண்ணி வரைய வேண்டிய அவசியமே இல்லை. எண்ணி வரைந்த படங்கள் பெரும்பாலும் கொலு போலத்தான் இருக்கின்றன.

கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் வரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைபேசியின் லென்ஸ் அகலக் கோணம். ஓரத்திலுள்ள தூண்களை வெளிப்பக்கமாக இழுக்கும், கோபுர உச்சியைச் சுருக்கும். நிழலுக்குள் கண்ணுக்குத் தெரியும் செதுக்கு வேலை படத்தில் வெறும் கறுப்பாகிவிடும். விட்டுப்போன ஒரு விவரத்தைச் சரிபார்க்கப் படம் உதவும். படத்தையே வரைவதென்றால் வேலூர் வரை வந்திருக்க வேண்டாம்.

எல்லாக் கட்டடத்துக்கும் யாளி மண்டபத்தின் அலங்காரத்தை எதிர்பார்ப்பதும் தவறுதான். கோட்டைக்குள்ளேயே 1846இல் கட்டிய புனித ஜான் தேவாலயம் இருக்கிறது. அதன் அழகு வெற்றுச் சுவரிலும் ஜன்னல்களின் இடைவெளியிலும் இருக்கிறது. அங்கே கோட்டுக் கீறல்களை நிரப்பினால் சுவர் அழுக்காகத்தான் தெரியும். லாங் பஜாரின் மணிக்கூண்டுக்கு நேர்மாறான சிக்கல்: சுற்றிலும் கடைப் பலகை, மின்கம்பி, மூட்டை, ஆட்டோ. முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனதையும் அவர்களில் 14 பேர் மாண்டதையும் சொல்லும் கல்வெட்டு அதில் இருக்கிறது. கம்பியை எல்லாம் நீக்கி வெள்ளைத் தாளில் தனியாக நிறுத்தினால் அது எந்த ஊர் மணிக்கூண்டாகவும் இருக்கலாம். ஒரு கடை விதானத்தையாவது, கீழே நகரும் நாலு தலைகளையாவது விட்டுவையுங்கள். உயரம் தெரிவதும் அவற்றால்தான்.

நீர்வண்ணம் பயன்படுத்துகிறவர்களுக்கு: கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். தூரிகையை எடுத்து மறுபடி தோய்ப்பதற்குள் தாளில் போட்டது காய்ந்து, விளிம்பு கோடாக நின்றுவிடும். வானத்தை ஒரே வீச்சில் போட வேண்டும் என்ற ஆசையை இந்த ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் விட்டுவிடுங்கள். தாளை முன்னும் பின்னும் நனைத்துக்கொண்டு சிறு சிறு பகுதியாகப் போடலாம். இல்லையென்றால் பென்சிலும் பேனாவும் போதும். மார்கழி, தை மாதக் காலைகள்தான் வண்ணத்துக்கு ஏற்றவை.

கோயிலுக்குள் நடந்துகொள்ளும் முறை தனி. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நீண்ட காலம் வழிபாடு இல்லாமல் இருந்தது. 1981இல்தான் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டை ஆனது. பழைய நினைவில் ‘அது வெறும் நினைவுச்சின்னம்’ என்று எண்ணி, பக்தர் வரிசைக்கு நடுவே முக்காலியை விரித்து உட்காருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரதோஷம், வெள்ளிக்கிழமை மாலைகளில் வரைய வராமல் இருப்பதே மரியாதை. கருவறைப் பக்கம் நோட்டைத் திறக்க வேண்டாம். மண்டபத்தில் உட்காருமுன் அங்கே பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பாதிப் படத்தில் எழுப்பிவிடுவாரோ என்ற பயம் இல்லை. ஸ்டாண்டு, பெரிய பலகை எல்லாம் கொண்டுவந்தால் அனுமதி பற்றிய கேள்வி வரும். மடியில் வைக்கும் நோட்டுக்குப் பெரும்பாலும் வராது.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. செதுக்கு வேலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியைத் தேய்ப்பது, தண்ணீர் தெளிப்பது, எண்ணெய் தடவுவது, தாளை ஒட்டிவைத்துக் கரியால் உரசிப் பிரதி எடுப்பது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடம். சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எண்ணெய் பட்ட கல்லில் தூசி படிந்து இறுகினால் அடுத்து வரைய வருகிறவனுக்கு மூக்கும் முழியும் தெரியாது.

உடைந்ததை ஒட்டவைப்பதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். துதிக்கை முறிந்த யாளிக்குத் துதிக்கை, கை போன வீரனுக்குக் கை என்று கற்பனையில் சேர்க்கிறார்கள். அதைத் தனித்தாளில் செய்யுங்கள். இடத்தில் உட்கார்ந்து போடும் படம் அன்றைக்கு இருந்ததைக் காட்டட்டும். பத்து ஆண்டு கழித்து இன்னொரு விரல் உதிர்ந்திருந்தால் உங்கள் நோட்டுதான் சாட்சி சொல்லும். படத்தின் மூலையில் தேதி, மணி, எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தீர்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

அதே மூலையில் பலர் ‘சோழர் காலச் சிற்பம்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பழைய கல் என்றாலே சோழர் என்று ஆகிவிட்டது. காலத்தைப் பிடிக்கத் தூணின் உச்சியைப் பாருங்கள். உத்திரத்தைத் தாங்கும் போதிகை, தலைகீழாகத் தொங்கும் பூமொட்டாக முடிந்தால் விஜயநகர, நாயக்கர் காலம். சாய்வாக வெட்டிய முகத்தோடு, தொங்கும் மொட்டு இல்லாமல் நின்றால் சோழர். இன்னும் முன்னே போக வேண்டுமானால் மகேந்திரவாடி இருக்கிறது: பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையில் குடைந்த திருமால் கோயில், சதுரம், எண்பட்டை, மறுபடி சதுரம் என்று மூன்றே வடிவில் முடியும் தூண்கள். வரையத் தொடங்குகிறவர்களை நான் முதலில் அனுப்புவது அங்கேதான்.

சோழர் வேலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் பொன்னை ஆற்றங்கரை மேல்பாடிக்குப் போகலாம். பாட்டனார் அரிஞ்சயருக்கு முதலாம் இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அங்கே இருக்கிறது. வேலூர்த் தூண் ஒன்றை இடப்பக்கத் தாளிலும் மேல்பாடிச் சுவர் ஒன்றை வலப்பக்கத் தாளிலும் போட்டுப் பாருங்கள். இடையிலுள்ள ஐந்நூறு ஆண்டு வித்தியாசம் போதிகையிலேயே தெரியும். மேல்பாடியில் நிழலுக்கும் குடிநீருக்கும் கோட்டையில் இருக்கும் வசதியை எதிர்பார்க்க வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.