ஃபிளை ராட் உடையாமல் இருக்க இணைப்புகளை இறுக்கும் முறை

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள பழைய வெள்ளீயச் சுரங்கக் குளங்களில் பீகாக் பாஸ் மீனைத் தேடி அலைபவன் நான். ஃபிளை ராட் என்பது செயற்கைப் பூச்சித் தூண்டிலை வீசும் நீண்ட, மெல்லிய தூண்டில் கோல்; துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகித்தான் மாட்ட வேண்டும். என் முதல் ராட் உடைந்தபோது தூண்டிலில் மீனே இல்லை. காலையில் மாட்டிய இணைப்பை நண்பகல் வரை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீசிய வேகத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் இரண்டாம் துண்டின் வாய் நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

காரணம் எளிது. 9 அடி ராட் பெரும்பாலும் நான்கு துண்டாக வரும், அதில் மூன்று இணைப்புகள். முன்னும் பின்னுமாக வீச வீச, உள்ளே செருகிய முனை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வெளியே வரும். அப்புறம் வளைவின் பாரமெல்லாம் வெளித்துண்டின் மெல்லிய விளிம்பில் விழும். கார்பன் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. அதனால் மூங்கில் பிளப்பதைப் போலவே பிளக்கும்.

முதலில் துடையுங்கள். ஈயக் குளத்துக் கரையில் வெள்ளை மணல் கிடக்கும், ஒரு மணி ஒட்டினாலும் இணைப்பைத் தேய்த்துவிடும். உள்ளே போகும் முனையைப் பழைய பனியன் துணியால் துடைத்து, வெளித்துண்டின் வாயை ஊதிவிடுங்கள்.

அடுத்து மெழுகு. வீட்டில் இருக்கும் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி போதும். உள்ளே போகும் முனையில் நான்கு கோடு இழுத்து, சூடேறும்வரை விரலால் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பூச்சுதான் வேண்டும். எண்ணெய், கிரீஸ் கூடவே கூடாது, இணைப்பு வழுக்கிவிடும். உலோக இணைப்புள்ள மூங்கில் ராட்டுக்கு இந்த மெழுகு வேண்டாம்.

இப்போது நுனித் துண்டிலிருந்து மாட்டத் தொடங்குங்கள். இரண்டு கைகளும் இணைப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நூல் வளையங்களைப் பிடிக்காதீர்கள். வளையங்கள் கால் வட்டம் விலகி நிற்கும்படி செருகி, மெதுவாக அழுத்திக்கொண்டே நேர்க்கோட்டுக்குத் திருப்புங்கள். அந்தத் திருகல்தான் பிடிப்பைத் தருகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடிப் பக்கமிருந்து பார்த்தால் வளையங்கள் ஒரே வரிசையில் தெரிய வேண்டும். சில ராட்களில் இணைப்புக்கு மேலே சிறு இடைவெளி தெரியும். அது தேய்மானத்துக்காக விட்டது, அதை மூடுவதற்காக முழு பலத்தையும் போடாதீர்கள்.

நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று இணைப்புகளையும் கையால் தொட்டு இறுக்குங்கள். வீசும்போது கார்க் கைப்பிடியில் 'டக் டக்' என்று லேசாகத் தட்டுவதுபோல் இருந்தால், அடுத்த வீச்சுக்கு முன் நிறுத்திவிடுங்கள். தோமான் என்னும் பெரிய விரால் வகை மீனுக்குப் போகும் கனமான ராட் என்றால் இணைப்பின் மேல் ஒயர் டேப் இரண்டு சுற்று சுற்றலாம். வெயிலில் பசை உருகி ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கே உரித்துவிடுங்கள்.

கழற்றும்போது லேசாக எதிர்ப்பக்கம் திருப்பி நேராக இழுங்கள். வராவிட்டால் நண்பரைக் கூப்பிடுங்கள். எதிரெதிரே நின்று, இருவரும் இணைப்பின் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்துச் சேர்ந்து இழுத்தால் ராட் வளையாமல் வரும்.

நம் ஊரில் மதியத்துக்கு மேல் இடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கார்பனில் மின்சாரம் பாயும். முதல் இடி கேட்டதும் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். ராட்டை அப்படியே தரையில் கிடத்திவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள். மழை விட்டு, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு நிதானமாக வந்து கழற்றிக்கொள்ளலாம்.