இத்தே கிமாஸ்: ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கவரும் மாணவர்களுக்கு

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால் நம் மாணவர்கள் பெரும்பாலும் மார்ச் கடைசியில் வந்து இறங்குகிறார்கள். ஊரில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். இங்கே இரவில் இன்னும் ஸ்வெட்டர் வேண்டும். வீடு முழுவதையும் சூடாக்கும் வழக்கம் இங்கே குறைவு, ஆள் இருக்கும் அறையை மட்டும்தான் சூடாக்குவார்கள். எனவே கம்பளி உடையைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், முதல் இரவே தேவைப்படும்.

நான் நாகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தேன். வீட்டு அம்மாவை ஒகாசான் என்றும் அப்பாவை ஒதோசான் என்றும் கூப்பிட்டேன். உங்களுக்கும் அதுவே சரியாக இருக்கும். வருவதற்கு முன் ஜப்பானிய மரியாதைகளைப் பற்றிப் பட்டியல் பட்டியலாகப் படித்துப் பயந்துபோயிருந்தேன். அந்த வீட்டில் இருந்து பார்த்தபோது புரிந்தது வேறு. நீங்கள் தப்பாகக் குனிந்து வணங்கினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் அவர்களைச் சிரமப்படுத்தும்.

வாசலிலிருந்தே தொடங்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் பிறவிப் பழக்கம். கூடுதலாகச் செய்யவேண்டியது, கழற்றிய செருப்பின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பது. உள்ளே நடக்க ஒரு ஸ்லிப்பர் தருவார்கள். கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர் இருக்கும், அதோடு வெளியே வந்துவிடாதீர்கள். தத்தாமி என்ற கோரைப்பாய்த் தரையில் எந்த ஸ்லிப்பரும் கூடாது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தே கிமாஸ்' என்று சொல்லவேண்டும். 'இத்தே' என்றால் போய், 'கிமாஸ்' என்றால் வருகிறேன். நாம் 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்வோமே, அதேதான். உள்ளேயிருந்து 'இத்தெராஷ்ஷாய்', போயிட்டு வா, என்று பதில் வரும். திரும்பி வந்ததும் 'ததைமா', வந்துவிட்டேன், என்று சொன்னால் 'ஒகாயெரி', வா வா, என்பார்கள். முதல் இரண்டு நாள், ஒகாசான் சமையலறையில் வேலையாக இருக்கிறாரே, தொந்தரவு வேண்டாம் என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வாசல்வரை ஓடிவந்தார். நான் கிளம்பியது தெரியாமல் என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், முந்தைய இரண்டு நாளும். எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லாமல் போனதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு வரமுடியாது என்றால் மதியத்துக்குள் லைனில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். இங்கே எல்லோரும் பயன்படுத்தும் செயலி அது. பல வீடுகளில் அன்றைய சமையலுக்கு அன்றே கடைக்குப் போய், தலைக்கு இத்தனை துண்டு என்று எண்ணி வாங்குவார்கள். ஆறரை மணிக்குச் செய்தி அனுப்பினால் உங்கள் பங்கு தட்டில் ஆறிப்போயிருக்கும்.

இப்போது குளியல். இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். ஒஃபுரோ என்ற தொட்டி உடம்பைக் கழுவுவதற்கு இல்லை. தொட்டிக்கு வெளியே சிறிய முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை அலசி, நுரை ஒரு சொட்டுகூட இல்லாமல் கழுவிய பிறகுதான் உள்ளே இறங்கவேண்டும். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். சும்மா உட்கார்ந்து களைப்பாறுவதுதான் அங்கே வேலை. அதே தண்ணீரில் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். விருந்தாளி என்பதால் முதல் நாள் என்னை முதலில் போகச் சொன்னார்கள். நான் குளித்து முடித்து, அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகலாமா என்று நினைத்து அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். சூடாக்கி வைத்த சுமார் 200 லிட்டர் தண்ணீரும் போய்விட்டது. ஒகாசான் 'தைஜோபு, தைஜோபு' என்று சொல்லிவிட்டு மறுபடி நிரப்பினார். மறுநாள் ஒதோசான் என்னைக் கூப்பிட்டு, குளித்து முடித்ததும் சூடு போகாமல் தொட்டியை எப்படி மூடவேண்டும் என்று மூடியைப் பிரித்துக் காட்டினார். மீந்த தண்ணீரை மறுநாள் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் நன்றாக அலசிவிட்டு, முடியை உயர்த்திக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். எண்ணெய் தண்ணீரில் மிதந்தால் அடுத்தவர் இறங்கமுடியாது.

அந்த 'தைஜோபு' என்ற சொல்லையும் கவனியுங்கள். 'பரவாயில்லை' என்றும் பொருள், 'வேண்டாம்' என்றும் பொருள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்கும்போது, கிடைத்தால் பரவாயில்லை என்ற எண்ணத்தில் நீங்கள் 'தைஜோபு' என்றால் பாத்திரத்தை மூடிவிடுவார்கள். நம் ஊரைப்போல மூன்று முறை வற்புறுத்திப் பரிமாறுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வேண்டுமென்றால் 'ஹாய், ஒனெகாய்ஷிமாஸ்', ஆமாம், தயவுசெய்து, என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'பெஜிதாரியன்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். 'நிகு மோ சகனா மோ தபெமசென்', இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், என்று சொல்லுங்கள். முட்டை வேண்டாமென்றால் 'தமாகோ மோ' என்று சேருங்கள். அந்த 'மோ' நம் 'உம்' இருக்கும் இடத்தில்தான் நிற்கிறது. அப்புறம் தாஷி. மிசோ சூப், ஊதோன் நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி, எல்லாவற்றுக்கும் அடிப்படையான சாறு அது. பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷீதாகே காளானிலும் எடுக்கும் தாஷி உண்டு, அதைக் கேளுங்கள். கடையில் விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகளில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருப்பது சகஜம். இதையெல்லாம் வருவதற்கு முன்பே கடிதத்தில் எழுதிவிடுவது நல்லது. ஆசையாகச் சமைத்து வைத்த பிறகு, முதல் இரவு மேசையில் சொல்வது இரண்டு பக்கமும் கஷ்டம்.

சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைக்காதீர்கள், இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை அது. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுப்பது அப்படித்தான்.

அலுவல் வேலைகளைத் தள்ளிப்போடவேண்டாம். விமான நிலையத்தில் தரும் வசிப்பு அட்டையோடு, குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேரவேண்டும். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. பகுதிநேர வேலைக்குத் தனி அனுமதி வேண்டும், படிக்கும் நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். நகராட்சி அலுவலகத்துக்கு முதல் முறை போகும்போது ஒகாசானை உடன் வரச்சொல்லிக் கேட்கலாம், தயங்காதீர்கள்.

குப்பையை வகை பிரித்து அந்தந்த நாளில்தான் வைப்பார்கள். அட்டவணை பெரும்பாலும் குளிர்பெட்டி மேல் ஒட்டியிருக்கும். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், கட்டியாக்கும் பொடி போட்டு உறையவைத்துக் குப்பையில் போடுவார்கள். மின்சாரம் 100 வோல்ட், ஊர் மிக்சி இங்கே ஒழுங்காக ஓடாது. நிலநடுக்கம் பற்றி முதல் நாளே கேட்டுவிடுங்கள்: டார்ச் எங்கே, அவசரப் பை எங்கே, ஒதுங்கவேண்டிய பள்ளிக்கூடம் எது. கேட்பதை யாரும் அபசகுனமாக நினைக்க மாட்டார்கள். தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119, காவலுக்கு 110.

சமைக்க ஆசை வந்தால் கேட்டுவிட்டுச் சமையுங்கள். தாளிக்கும் புகையும் பெருங்காய வாசனையும் அவர்களுக்குப் புதிது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். ஒகாசான் ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே நின்று கடுகு வெடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிசோ சூப் கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி நீட்டி, 'தபேதே மிதே குதசாய்' என்றேன். 'தபேதே' சாப்பிட்டு, 'மிதே' பார்: சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார், இருமினார், மிச்சத்தையும் குடித்தார். பிறகு சமையல் நோட்டை எடுத்துவந்து வெளிநாட்டுச் சொற்களுக்கான கதகானா எழுத்தில் 'ரசாமு' என்று எழுதி, அளவு கேட்டார். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுவராதீர்கள், விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ரசப்பொடி மட்டும் இரண்டு பாக்கெட் கூடுதலாக எடுத்துவாருங்கள்.