டூ வீல் கெப்பின் முன்பக்கத்தை மட்டப்படுத்துதல்: டோர்சன் பார் போல்ட்டில் கைவைக்க முன்னும் பின்னும்

பாரம் இல்லாத கெப்பின் பின்பக்கம் முன்பக்கத்தை விட ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்பது பழுதல்ல. கம்பனியே அப்படித்தான் கட்டியிருக்கிறது. பாரம் ஏறியதும் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாகும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றி வரும் கெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை 65 கிலோ என்று பார்த்தால் பத்து மூட்டைக்கே 650 கிலோ. வெறும் வண்டியை மட்டமாக்கி வைத்துவிட்டு அந்தப் பாரத்தை ஏற்றினால் மூக்கு மேலே தூக்கும், ஸ்டியரிங் இலேசாகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஆகவே வழமையான பாரத்தோடு ஒருமுறையும் வெறுமையாக ஒருமுறையும் அளந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வெள்ளாமை வேலைக்கு ஓடும் கெப்பில் வெறுமையாக நிற்கும்போது பின்பக்கம் ஓர் அங்குலமாவது உயர்ந்தே இருக்கட்டும். மட்டக்களப்பு, கல்முனை நகரங்களுக்குள் ஆளேற்றி மட்டும் ஓடும் கெப்பை இன்னும் கொஞ்சம் நெருக்கி மட்டமாக்கலாம்.

இங்கே சொல்வது டோர்சன் பார் உள்ள கெப்புகளுக்கு. தொண்ணூறுகளின் டூ வீல் ஹைலக்ஸ், நிசான் டி21, டி22 எல்லாம் இந்த வகை. குனிந்து பார்த்தால் முன்சில்லைப் பிடித்திருக்கும் ஆர்மிலிருந்து பின்னோக்கி, செசிக்கு இணையாக ஒரு நீண்ட இரும்புத் தண்டு போகும். அதுதான் டோர்சன் பார்; முறுங்கி ஸ்பிரிங்போல முன்பக்கத்தைத் தாங்குகிறது. அதன் பின்முனையில் ஒரு கைபோன்ற துண்டும், அதை இழுத்துப் பிடிக்கும் நீளமான போல்ட்டும் இருக்கும். வீகோ போன்றவற்றில் தண்டு இருக்காது, சுருள் ஸ்பிரிங்தான். அதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், முன்பக்கம் உண்மையிலேயே தாழ்ந்திருக்கிறதா? பின்பக்கத்துக்கு மேலதிகமாக ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டிருந்தாலும் முன்பக்கம் குந்தியதுபோலத்தான் தெரியும். அங்கே முறுக்க வேண்டியது எதுவும் இல்லை, பட்டையைக் கழற்றினால் போதும். சொக் அப்சோபரை மாற்றினால் உயரம் வரும் என்பதும் வீண் நம்பிக்கை. சொக் குலுக்கலை அடக்கும், பாரத்தைத் தாங்குவது அதன் வேலையல்ல.

அளப்பதற்கு நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம் நல்ல இடம். மழைநீர் வடிய அதில் கொஞ்சம் வாட்டம் விட்டிருப்பார்கள்; மேசன்மார் பிடிக்கும் தண்ணீர் டியூப்பால் நான்கு சில்லும் நிற்கும் இடத்தை மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு டயருக்கும் சரியான காற்று, டாங்கியில் அரைவாசி எரிபொருள். நிலத்திலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும். சில்லின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை அளந்து, நான்கு எண்களையும் எழுதி வையுங்கள்.

இடமும் வலமும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் இன்னொரு சோதனை உண்டு. பின் அக்சிலின் சரி நடுவில், டிபரன்சலுக்குக் கீழே ஜக்கை வைத்துப் பின்சில்லுகள் தரையை விட்டு எழும்பும் வரை உயர்த்துங்கள். இப்போது முன்பக்கத்தை மறுபடி அளவுங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் குற்றம் பின்பக்கத்து ஸ்பிரிங்கில். ஒரு பக்கத்துப் பட்டை தளர்ந்து, மூலைக்கு மூலை வண்டியைச் சாய்க்கிறது. மறையாவிட்டால் முன்பக்கத்துப் பாரோ, ஆர்ம் புஷ்ஷோதான் காரணம். பல கராஜ்களில் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. நேராக முன் போல்ட்டை முறுக்கி, பின்பக்கக் குற்றத்தை முன்பக்கத்தில் மறைத்து அனுப்புகிறார்கள்.

போல்ட்டை இறுக்கினால் பார் "கட்டியாகும்", அதிக பாரம் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்காது. பாரின் விறைப்பைத் தீர்மானிப்பது அதன் தடிப்பும் நீளமும். போல்ட் செய்வது பாரின் முனையைத் திருப்பி வண்டியின் நிற்கும் உயரத்தை மாற்றுவது மட்டுமே. பிறகேன் முறுக்கியதும் வண்டி கட்டையாக ஓடுகிறது? உயர்த்தும்போது சில்லு கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடுகிறது. கிரவல் வீதியில் ஒரு குழியில் சில்லு இறங்கும்போது மேல் ஆர்ம் போய் ரப்பர் ஸ்டொப்பரில் அடிக்கும், அந்த "டக்" சத்தம் ஸ்டியரிங் வரை வரும். ஆகவே வண்டி தரையில் நிற்கும்போது மேல் ஆர்முக்கும் அதன் ஸ்டொப்பருக்கும் இடையே 15 மில்லிமீற்றராவது இடைவெளி மிஞ்ச வேண்டும். டூ வீல் கெப்பில் முன்சில்லைச் சுழற்றும் அக்சில் இல்லாதபடியால் அதன் மூட்டான சீவி ஜொயின்ட் உடையும் பயம் இல்லை. ஆனால் ஆர்மையும் சில்லுப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட் சாயக்கூடிய அளவுக்கு எல்லை இருக்கிறது. முன்பக்கத்தை உயர்த்துவது 25 முதல் 40 மில்லிமீற்றர், அதற்கு மேல் போக வேண்டாம்.

கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம் என்று ஓடும் வண்டிகளில் இந்தப் போல்ட் கறள் பிடித்தே இருக்கும், அதிலும் மீன் பெட்டி ஏற்றும் கெப் என்றால் சொல்லத் தேவையில்லை. முதல்நாள் பின்னேரமே கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்து, டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள். கறள் மரையைத் தின்று போல்ட் மெலிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், புதுப் போல்ட் எடுத்துவிட்டு வாருங்கள். முறுக்கேறிய பாரைப் பிடித்திருக்கும் போல்ட் அறுந்தால் அந்தக் கைத்துண்டு கொல்லும் வேகத்தில் திரும்பும்.

வேலை இப்படி. பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். காத்தான்குடி, கல்லடிப் பக்கத்து மணல் வளவில் செய்வதென்றால் ஜக்குக்கும் ஸ்டான்டுக்கும் கீழே தடித்த பலகை வேண்டும். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், சொல்லாமல் நொறுங்கும். செசியில் ஜக்கை வைத்து முன்சில்லுகள் இரண்டும் தொங்கும்படி உயர்த்தி, ஸ்டான்டில் இறக்குங்கள். சில்லு தொங்கும்போதுதான் பாரின் முறுக்கு குறைந்திருக்கும். தரையில் நிற்கும் வண்டியில் முறுக்கினால் மரை போய்விடும். இடச் சில்லையும் வலச் சில்லையும் குறுக்கே இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கை ஒரு பக்கம் கழற்றி விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத்தை ஏற்றும்போது மறுபக்கத்தையும் அது இழுக்கும்.

இரு போல்ட்டிலும் வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து எழுதுங்கள். திரும்பிப் போக வேண்டி வந்தால் அந்த எண்தான் வழி. லொக் நட் இருந்தால் இளக்குங்கள். மரைக்குக் கிறீஸ் பூசி, கைச்சாவியால் இரு பக்கமும் இரண்டு முழுச் சுற்று மட்டும் இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கி இந்த இடத்துக்கு ஆகாது. வண்டியை இறக்குங்கள்.

இறக்கியதும் அளந்தால் எண் பொய் சொல்லும். தூக்கும்போது உள்ளே வந்த சில்லுகள் சீமெந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வண்டி உயரமாகவே காட்டும். பத்து மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நாலைந்து தரம் அமுக்கி விட்டுப் பிறகு அளவுங்கள். இரண்டு சுற்றுக்கு எத்தனை மில்லிமீற்றர் ஏறியது என்று இப்போது தெரியும். மீதிக்குக் கணக்குப் போட்டு மறுபடி தூக்குங்கள். இட வலம் 5 மில்லிமீற்றருக்குள் வந்தால் விட்டுவிடலாம். சாரதி வலப்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கணக்கு எப்படியும் மாறும். முடிந்ததும் லொக் நட்டை இறுக்கி, லிங்க்கைப் பூட்டுங்கள்.

போல்ட்டின் மரை முடிந்தும் உயரம் வரவில்லையென்றால் கைத்துண்டைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டும் வழி உண்டு. கழற்ற முன் பாரிலும் துண்டிலும் பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். இடப் பாரையும் வலப் பாரையும் மாற்றிப் போடக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு திசைக்கே முறுக்கிப் பழக்கப்பட்டது, முனையில் பக்கக் குறியும் இருக்கும்.

உயர்த்திய வண்டியை அலைன்மென்ட் பார்க்காமல் ஓடவிட்டால் டயர் போகும். சில்லின் மேற்பகுதி வெளியே சாயும், டோவும் (மேலிருந்து பார்க்கும்போது முன்சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும், டயரின் வெளி விளிம்பு சிராய்த்தது போல் தேயும். அலைன்மென்ட்டுக்கு முன்னால் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும் நிலையில் இளக்கி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

லைட்டும் மேலே ஏறியிருக்கும். சில்லுக்குச் சில்லு 3 மீற்றர் உள்ள கெப்பை 30 மில்லிமீற்றர் உயர்த்தினால் 10 மீற்றருக்கு அப்பால் ஒளி 10 சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பும். வேலை தொடங்க முன்பே சுவரில் ஒளியின் மேல் விளிம்பைச் சோக்கால் கீறி வையுங்கள்; முடிந்தபின் அதே இடத்தில் அதே தூரத்தில் நிறுத்தி, அந்தக் கோட்டுக்குத் திருகி இறக்குங்கள்.

சுருள் ஸ்பிரிங் உள்ள கெப்பில் மேலே ஸ்பேசர் வைத்து உயர்த்துவார்கள். ஸ்ட்ரட்டின் (சொக்கும் சுருளும் சேர்ந்த துண்டின்) தலையில் வைக்கும் 20 மில்லிமீற்றர் ஸ்பேசர் சில்லில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும், அதனால் தடித்தது வாங்காதீர்கள். சுருளை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல் கழற்றவே கூடாது, அது வீட்டு வளவுக்கான வேலையல்ல.

ஒரு மாதம் ஓடியபின் அதே தளத்தில் மறுபடி அளவுங்கள். ஓரிரு மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் 10 மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் மேலும் முறுக்காதீர்கள். அந்தப் பார் களைத்துவிட்டது, இரண்டையும் சோடியாக மாற்றுங்கள்.